பெட்டி காணாமல் போனால்

கம்ப்யூட்டரில் புதிய பதிப்பை ஏற்றினால் ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போகும், சார்ஜண்ட். சில இடத்தில் பிரிண்டர் போகும், சில இடத்தில் ஒலி போகும். எங்கள் நிலையத்தில் பெட்டி போனது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன். வரிசையாகச் சொன்னால் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதி.

மரண விசாரணை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. நீங்கள் கூப்பிட்டு நான் வரவில்லை. நானாக வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மெர்வின் ஸ்டோக். வயது அறுபத்துநான்கு. டாரண்ட் ஹெட்ஸ் கடல்மீட்பு நிலையத்தில் பதினொரு வருடமாகத் தன்னார்வலர். கடல்மீட்பு என்றதும் படகில் பாய்ந்து போகிற ஆள் என்று நினைக்காதீர்கள். அலையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைப் பிரட்டும். நான் கம்ப்யூட்டர் ஆள். என் மனைவி நோரீன் வானொலி அறையில். சனிக்கிழமை காலை அவளுடைய முறை.

பெட்டி என்று நான் சொல்வது, தேநீர் மேடைக்குக் கீழே அலமாரியில் உட்கார்ந்திருக்கும் கறுப்புப் பெட்டி. ரொட்டி டப்பா அளவு இருக்கும். உள்ளே இரண்டு வட்டுகள். வானொலி அறைக் கம்ப்யூட்டரும் அலுவலகக் கம்ப்யூட்டரும் கம்பி வழியாக அதில்தான் எல்லாக் கோப்புகளையும் வைத்து எடுக்கும். படகுப் பதிவேடும் அதில்தான். முகத்துவாரத்தைத் தாண்டும் ஒவ்வொரு படகும் வானொலியில் எங்களிடம் பதிந்துவிட்டுப் போகும்: படகின் பெயர், எத்தனை பேர், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள். திரும்பியதும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆனால் அந்த வரி திரையில் சிவப்பாகும்.

சிவப்பானதும் ஹெலிகாப்டர் கிளம்பிவிடாது. பத்தில் ஒன்பது தடவை ஆசாமி கரையேறி, சொல்ல மறந்து, கிளப்பில் ஷ்னிட்சல் வறுவல் வெட்டிக்கொண்டிருப்பான். அதனால் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. போனில் கூப்பிடுவோம். வானொலியில் கூப்பிடுவோம். பதில் இல்லையென்றால் ஒருவர் படகுத்துறைச் சரிவுக்குப் போய், அந்த ஆளின் வண்டியும் படகு டிரெய்லரும் நிற்கிறதா என்று பார்ப்பார். நின்றால் ஆள் கடலில் இருக்கிறான். நிற்காவிட்டால் வீட்டுக்குப் போய்விட்டான். என் வீட்டுச் சமையலறை ஜன்னல் அந்தச் சரிவைப் பார்த்தபடி இருப்பதால், பதினொரு வருடமாக அந்தப் பார்வை என் பொறுப்பு. என் சொல்லை யாரும் ஒரு தடவைகூட மறுபடி சரிபார்த்ததில்லை.

பெட்டி மாதத்துக்கு ஒரு தடவையாவது கண்ணில் படாமல் போகும். உடனே எனக்கு போன் வரும். "மெர்வ், உன் பெட்டி மறுபடியும் ஓடிப் போச்சுய்யா, வந்து பிடிச்சுக் குடு" என்பாள் பெரில். அவள்தான் நிலையத் தலைவி. நான் போவேன், பத்து நிமிஷத்தில் சரியாகும், யாராவது லாமிங்டன் கேக்கை நீட்டுவார்கள். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படி ஒன்றும் பெருமை இல்லை. பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ரோவன் பாஸ்கோ நியூகாசிலிலிருந்து குடிவந்தான். ஐம்பத்தெட்டு வயது, மனைவியை இழந்தவன். அவள் பெயரையே படகுக்கு வைத்திருந்தான், ஆல்மா மே என்று. ஏதோ ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவனாம். வந்த மூன்றாம் மாதம் ஒரு தாள் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வானொலி அறைச் சுவரில் ஒட்டினான். தலைப்பு: 'பெட்டி காணாமல் போனால்.' கீழே நான்கு படிகள். கம்பியைப் பிடுங்கிச் செருகு. இணைப்புப் பெட்டியை அணைத்துப் போடு. பெட்டியின் பெயருக்குப் பதில் அதன் எண் முகவரியைத் தட்டு. கடைசியாக, பெட்டியையே அணைத்துப் போட்டு ஐந்து நிமிஷம் காத்திரு.

அன்று நோரீன் வீட்டுக்கு வந்த வேகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"நானே சரி பண்ணிட்டேன், மெர்வ். நாலே படி. இத்தனை வருஷம் ஏன் எங்க யாருக்கும் நீ சொல்லித் தரல?"

"யாரும் கேக்கலையே" என்றேன்.

அதன் பிறகு எனக்கு போன் வருவது நின்றது. வெள்ளிக்கிழமை மதியம் நிலைய முற்றத்தில் சாசேஜ் சுட்டு ரொட்டியில் மடித்துச் சாப்பிடுவோம். பெரில் எல்லார் முன்னாலும் சொன்னாள், "மெர்வ், உன் வேலைக்கு வேட்டு வெச்சுட்டான் பாரு ரோவன். இனி நீ வெங்காயம் வதக்கு." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெங்காயம் வதக்கினேன். ரோவன் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, ஒரு கரண்டி எடுத்து, கூட வதக்கினான். அவன் அப்படிப்பட்டவன். எந்த இடத்திலும் அவனைக் குறை சொல்ல முடியாது. அது எவ்வளவு களைப்பைத் தரும் என்பது பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த மார்ச் மாதம் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் புதிய பதிப்பு ஏற்ற வேண்டி வந்தது. திங்கட்கிழமை ரோவன் ஏற்றினான். ஏற்றி முடித்ததும் பெட்டி மறைந்தது. அவனுடைய நான்கு படியும் பலிக்கவில்லை.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெட்டி பேசும் மொழி பழையது. புதிய பதிப்பு, பாதுகாப்பை முன்னிட்டு, அந்தப் பழைய மொழியைக் காதிலேயே போட்டுக்கொள்ளாது. பெயர், கடவுச்சொல் இல்லாமல் விருந்தாளியாக நுழைவதையும் ஏற்காது. பெட்டிக்குப் புதிய மொழியும் தெரியும். நான்தான் முதல் நாளில் பழையதை மட்டும் பேசும்படி அமைத்திருந்தேன். பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒரு வரியை மாற்றி, ஒரு பயனர் பெயரை உண்டாக்கினால் போதும். பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்தப் பக்கத்துக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ரோவன் என் வீட்டுக்கு வந்தான். வலைக்கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"மெர்வ், தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. பெட்டியோட கடவுச்சொல் வேணும்."

"எட்டு வருஷமாச்சே, ரோவன். மறந்து போச்சு. ஒரு பழைய நோட்டு இருந்துச்சு, தேடிப் பாக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். நான் பொய் சொல்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்தது. அது தெரிந்தது எனக்கும் தெரிந்தது. அவன் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், விஷயம் வாசலிலேயே முடிந்திருக்கும். "சரி, அவசரமில்ல. கிடைச்சா சொல்லுங்க" என்று படியிறங்கிப் போனான்.

நோட்டை நான் தேடவில்லை. அப்படி ஒரு நோட்டே இல்லை. வியாழக்கிழமை அவனாகவே வழி கண்டுபிடித்துவிட்டான். பெட்டியின் பின்னால் ஒரு சிறு துளை. காகிதக் கவ்வியை நீட்டி உள்ளே நான்கு விநாடி அழுத்தினால் கடவுச்சொல் மட்டும் அழியும், கோப்புகள் அப்படியே இருக்கும். பதிவேடு திரும்ப வந்தது. வெள்ளிக்கிழமை சாசேஜ் நேரத்தில் பெரில் கை தட்டினாள். நோரீன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். முப்பத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

எல்லாரும் கலைந்த பிறகு ரோவன் என்னிடம் ஒரு மடித்த காகிதத்தைக் கொடுத்தான். "புதுக் கடவுச்சொல். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும். மறதி யாருக்குத்தான் வராது, மெர்வ்."

மறுநாள் சனிக்கிழமை. நல்ல வானிலை. இருபத்துமூன்று படகுகள் பதிந்துவிட்டுப் போயிருந்தன, ரோவனின் ஆல்மா மேயும் சேர்த்து. எட்டரை மணிக்கு, இறைச்சியைப் பரிசாகக் கொடுக்கும் குலுக்கலுக்குச் சீட்டு அச்சடிக்க வேண்டும் என்று சொல்லி நான் அலுவலக அறைக்குப் போனேன். சீட்டும் அச்சடித்தேன், பொய்யில்லை. பிறகு காகிதத்தைப் பிரித்து, பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அந்த ஒரு வரியைப் பழைய மொழிக்கே மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. ரோவன் திரும்பி வந்து எல்லார் முன்னாலும் ஒரு மணி நேரம் முழிக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். விளையாட்டு மாதிரி.

"போச்சு, மறுபடியும் போச்சு" என்று நோரீன் அடுத்த அறையிலிருந்து கத்தினாள். நான் நகரவில்லை. "சுவத்துல தாள் இருக்கே" என்றேன். அவள் மூன்று படி செய்து பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியை எடுத்தாள்.

"ஆல்மா மே, ஆல்மா மே, இது டாரண்ட் நிலையம். ரோவன், உன் தாள்ல மூணு படி ஆச்சு. பெட்டி அசைய மாட்டேங்குது."

"நாலாவதையும் பாரு, நோரீன்" என்றது ரோவனின் குரல். இஞ்சின் சத்தத்துக்கு நடுவிலும் நிதானமாக இருந்தது. "இல்ல, வேணாம். மெர்வ் அங்கதானே இருக்கார்? அவர்கிட்ட விடு. அந்தப் பெட்டியைப் பெத்தவரே அவர்தான்."

உடனே வேறொரு படகு குறுக்கே வந்தது. "மெர்வ் பெத்ததா? மூக்கு யாரு மாதிரி இருக்கு?"

"அலைவரிசைல அரட்டை வேணாம், பசங்களா" என்றாள் நோரீன், சிரித்துக்கொண்டே.

சார்ஜண்ட், கவனியுங்கள். இருபத்துமூன்று படகு கேட்கும்படி அவன் எனக்கு அந்த இடத்தைத் திருப்பிக் கொடுத்தான். பிச்சை போடுவது போல இல்லை, மரியாதையாகத்தான் கொடுத்தான். என் இடத்தை எனக்குக் கொடுக்கும் உரிமை அவனிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்தேன். அதுதான் அவன் பேசி நாங்கள் கேட்ட கடைசிப் பேச்சு.

ஐந்து நிமிஷத்தில் சரிசெய்திருக்கலாம். செய்யவில்லை. கோளாறைத் தேடுவதைவிடத் தேடுவதுபோல் நடிப்பது கஷ்டம்; ஒவ்வொரு கம்பியாகக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். இணைப்புப் பெட்டியைப் பிரித்துத் தூசி தட்டினேன். எண் முகவரியைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினேன். நோரீன் புதிதாக வருகிற படகுகளைக் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். நடுவில் தேநீர் கொண்டுவந்து, என் தோளில் கை வைத்து, "நீ மட்டும் இன்னிக்கு இங்க இல்லாட்டா என்ன ஆயிருக்கும்" என்றாள். மூன்று மணி நேரம். இரண்டு வருடத்தில் என் நல்ல காலை அதுதான்.

பத்தரைக்குக் காற்று தெற்கிலிருந்து திரும்பிப் பலத்தது. ஜன்னல் சட்டம் ஆடியது. படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து பெயர் சொல்லின. யார் சொன்னார்கள், யார் பாக்கி என்று ஒப்பிட்டுப் பார்க்கக் காலைப் பதிவுகள் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருந்தன.

"ரோவன் எத்தனை மணின்னு சொன்னான்? பதினொண்ணா, பன்னெண்டா?" என்று நோரீன் இரண்டு தடவை கேட்டாள்.

"பெட்டி வந்தா தெரியும்" என்றேன்.

பதினொன்றே முக்கால் தாண்டியதும், அவள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து வரியைப் பழையபடி மாற்றினேன். மாற்றியதைச் சொல்ல முடியாது அல்லவா. அதனால், "கடைசியா அந்த நாலாவது படியையும் பாத்துருவோம்" என்றேன். அணைக்கும் பொத்தானை அவளே அழுத்தினாள். ஐந்து நிமிஷத்தில் பதிவேடு திரையில் வந்து நின்றது. காகிதத்தில் எழுதிய வரவுகளை அவள் ஏற்றியதும் ஒரே ஒரு வரி சிவப்பாக மிஞ்சியது. ஆல்மா மே, ஒருவர், பவளப்பாறைப் பக்கம், திரும்புவது பதினொன்று.

போன் அடித்து ஓய்ந்தது. வானொலியில் பதில் இல்லை. "மெர்வ், சரிவுல போய்ப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணு" என்றாள். முகம் வெளுத்திருந்தது. நான் தாமதமாக வந்த எந்த நாளிலும் அந்த முகம் அப்படி வெளுத்ததில்லை.

ரோவனின் வெள்ளைப் பிக்கப் சரிவுக்கு மேலே நின்றது. பின்னால் வெறும் டிரெய்லர். நான் போனை எடுத்தேன்.

"இங்க வண்டியும் இல்ல, டிரெய்லரும் இல்ல. வீட்டுக்குப் போயிட்டான்."

"அப்பாடா" என்று அவள் மூச்சு விட்டாள். "நமக்கெல்லாம் பாடம் எடுப்பான், அவனே சொல்லாமப் போயிட்டானா? வரட்டும், காதைத் திருகறேன்." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வரி திரையிலிருந்து நீங்கியது.

இப்போது ஒரு சிறு சிக்கல். நான் இல்லை என்று சொன்ன வண்டி அங்கே இருந்தது. மீன் பிடிக்கப் போகிறவர்கள் சாவியை எங்கே வைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முன் சக்கரத்தின் மேல். எடுத்தேன். வண்டியையும் டிரெய்லரையும் அவன் வீட்டுக் கொட்டகைக்கு ஓட்டிப் போய் விட்டு, கதவை இறக்கினேன். வழியில் எதிரே பெரில் வந்தாள். ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினாள், எல்லாரும் செய்வதுபோல. நானும் உயர்த்தினேன். கண்ணாடியில் வெயில் பட்டதில் அவள் பார்த்தது வண்டியை மட்டும்தான். பிற்பாடு விசாரணையில், ஒரு மணிக்கு ரோவன் தனக்குக் கைகாட்டினான் என்று சத்தியம் செய்து சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை.

கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தேன். மதியச் சாப்பாடு சாப்பிட்டேன். சமையலறை ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்தேன். இப்போது நான் சொன்னது சரியாக இருந்தது.

நான்கு மணிக்கு நோரீன் அவனுக்கு போன் செய்தாள். "கிளப்ல இருப்பான், விடு" என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி எடுத்தாள். "தனியா இருக்கற ஆம்பளைய இப்படித் துரத்தாத. ஊர் பேசும்" என்றேன். அவள் போனை மெதுவாகக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை ஒரு நண்டுப் படகு ஆல்மா மேயைக் கண்டது, கவிழ்ந்த நிலையில், எட்டு மைல் வெளியே. ரோவன் தன் மணிக்கட்டைக் கயிற்றால் படகோடு கட்டியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்த பிறகும் உயிரோடு இருந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மீட்புப் படகு சனிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கிளம்பியிருந்தால், அந்தப் பாறைக்கு இருபது நிமிஷம். நோரீன் இதை வீட்டில் சத்தமாகக் கணக்குப் போட்டாள். நான் கணக்கைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

விசாரணையில் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. ரோவன் பன்னிரண்டு மணிக்கு முன் திரும்பி, படகைத் துறையில் கட்டிவிட்டு, டிரெய்லரை வீட்டில் விட்டு, நடந்து வந்து, பிற்பகலில் பதியாமல் மறுபடி போயிருக்கிறான் என்று முடிவு செய்தார்கள். மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த விதியைத் தானே மீறியவன். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நீங்களும்தான். நான் மிச்ச காலத்தை நிம்மதியாகக் கழித்திருக்கலாம்.

ஆனால் மூன்று வாரத்துக்கு முன்னால் அறிக்கை வந்தது. நகல் கொண்டுவந்திருக்கிறேன். முப்பத்தொன்றாம் பத்தியைப் பாருங்கள். 'காலை 11.50 மணிக்கு, மறைந்த ரோவன் பாஸ்கோ தயாரித்திருந்த வழிகாட்டித் தாளின் நான்காம் படியைப் பின்பற்றி, திருமதி நோரீன் ஸ்டோக் சேமிப்புப் பெட்டியுடனான இணைப்பை மீட்டார்.' சாட்சிக் கூண்டில் அவள் அப்படித்தான் சொன்னாள். அழுதுகொண்டே சொன்னாள், "அன்னிக்கும் அவன் தாள்தான் எங்களைக் காப்பாத்துச்சு" என்று. அந்தத் தாளை இப்போது சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். கீழே பூ வைக்கிறாள். அறிக்கை முழுவதிலும் என் பெயர் ஓர் இடத்தில் வருகிறது, 'சாட்சியின் கணவர்' என்று.

விசாரணை அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். அது முக்கியமான விவரம் இல்லை என்று பதில் வந்தது. அணைத்துப் போட்டால் அந்தக் கோளாறு தீராது, சார்ஜண்ட். நூறு தடவை அணைத்துப் போட்டாலும் தீராது. கொஞ்சம் விஷயம் தெரிந்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ஆனால் அது ஏன் தீராது என்று விளக்கப் போனால், வரியை யார் மாற்றியது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியை நகர்த்தியது நான். அவன் கடலில் இருக்கிறான் என்று தெரிந்தே இல்லையென்று சொன்னது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

முப்பத்தொன்றாம் பத்தியை மட்டும் திருத்தி எழுதச் சொல்லுங்கள். பெட்டியைச் சரிசெய்தது ரோவன் இல்லை.